வயிற்றில் ஓர் அரிசி

மனித உடலினுள் வைத்தால் தானாகவே கரைந்து மறையும் பல்பகுதியம் என்னும் பொருளினால் ஆனது அந்த மருந்து. அரிசி மணியளவான அதனைத் தடித்த ஊசியால் தொப்புளுக்குக் கீழே தோலினுள் செலுத்திவிட்டால், அது மெல்லக் கரைந்து, ஒரு மாத காலம் மருந்தைச் சிறிது சிறிதாகக் கசியவிடும். கண்டி வைத்தியர் இவ்வாறு விளக்கியபோது அன்னலட்சுமிக்கு ஒன்று மட்டும் விளங்கியது. தன் கணவர் அழகமுத்துவின் முதுகெலும்புவரை பரவிய புற்றுநோயை அச்சிறு பொருள் கட்டிப்போடும். மாதம் தப்பினால் கட்டு அவிழும்.

மாநகர சபையில் இலிகிதராய் எழுத்துவேலை பார்த்து ஓய்வுபெற்ற அழகமுத்து, முதல் மருந்துக்குப் பின் படுக்கையை விட்டெழுந்து கலஹாக் கடைத்தெருவரை நடந்தார்.

"எல்லாருக்கும் வயித்துல தொப்ப. எனக்குக் குண்டு வச்சிருக்காங்க நானா!" என்பார் நண்பர் முஹைதீன் நானாவின் கடையில் அமர்ந்து.

"வெடிக்க முந்திச் சொல்லுங்க அண்ணன், நான் கடையப் பூட்டணும்" என்பார் முஹைதீன்.

கண்டித் தலதா மாளிகையருகே மெய்யான குண்டு வெடித்த ஆண்டு அது. ஆயினும், வீட்டில் பழகிய சொல் நாவை விட்டு எளிதில் நீங்குமா?

அடுத்த மருந்துக்கு நாள் நெருங்கியபோது கண்டியில் அது தட்டுப்பாடாயிற்று. மருந்துக்கடைகளை ஏறி இறங்கிய அன்னலட்சுமிக்கு ஒருவாறு ஒன்று கிட்டியது. "உறையப் பிரிக்க வேணாம். ஈரம் பட்டா அவ்வளவுதான்" என்று கடைக்காரர் எச்சரித்தார். மகிழ்ச்சி தாளாமல் அவள் பேருந்து நிலையத்தருகே ஒரு தொலைபேசிக் கடையிலிருந்து முஹைதீனின் கடைக்கு அழைத்தாள். கணவர் அங்கேதான் காத்திருந்தார்.

"என்னங்க, குண்டு கெடச்சிருச்சு! நாளைக்கே வயித்துல வச்சிரலாம்."

"கெட்டிக்காரி! பாத்துக் கொண்டா, வழியில வெடிச்சிறப் போவுது."

சிரித்தபடி திரும்பினாள். வரிசையில் நின்றவர்கள் எட்ட விலகியிருந்தனர். கலஹா பஸ்ஸில் அவள் கால் வைக்குமுன்னரே பொலிசார் வந்து பிடித்துக்கொண்டனர்.

"குண்டு எங்க?" என்றார் அதிகாரி. தமிழில் இத்தகைய சில சொற்கள் அவருக்கு நன்றாகவே தெரிந்திருந்தன.

"இதாங்கையா. இது மருந்துங்க."

"வெடிமருந்தா?"

வாயைத் திறக்கத் திறக்கப் பள்ளம் ஆழமாயிற்று. வைத்தியரின் வாக்குமூலத்தின் பேரில் அவள் விடுதலையானபோது மூன்றாம் வாரம் பிறந்திருந்தது. உறையையும் திருப்பிக் கொடுத்தனர். சோதனைக்கென அதனைக் கத்தரித்திருந்தார்கள். உள்ளேயிருந்த மணி காற்றின் ஈரத்தில் பிசுபிசுத்து உறையோடு ஒட்டிக் கிடந்தது.

வீட்டிலே அழகமுத்துவின் கால்கள் மரத்திருந்தன. புதிய மருந்து கொழும்பிலிருந்து வந்து சேருமுன் அவிழ்ந்த கட்டு அவிழ்ந்ததுதான். எனினும் வைத்தியர் அதைச் செலுத்தினார்.

"லெச்சுமி," என்றார் அழகமுத்து, வலியினூடே நகைக்க முயன்று, "இனிமே அத அரிசின்னு சொல்லு. அரிசிக்கு யாரும் புடிச்சிக்கிட்டுப் போவ மாட்டாங்க."

"சரிங்க. அரிசி போட்டாச்சுங்க" என்று அவள் அவர் காதருகே மெல்லச் சொன்னாள். சுவருக்கும் காதுண்டு என்பதை அவள் பட்டுத் தெரிந்திருந்தாள்.

அந்த மாதம் முடியும்வரை அவர் இருக்கவில்லை.

குளிப்பாட்டிக் கிடத்திய உடலுக்கு வேட்டியைச் சரிசெய்தபோது, தொப்புளுக்குக் கீழே கடினமான சிறு மணியொன்று அவள் விரலில் தட்டியது. கையை எடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. அழகமுத்துவின் தங்கை சீதா அரிசித் தட்டை நீட்டினாள்.

"அண்ணி, நேரமாவுது. வாய்க்கரிசி போடுங்க."

"உள்ள ஒரு அரிசி இன்னும் கரையலயே, சீதா."

"என்ன சொல்றீங்க அண்ணி?"

"அது கரையட்டும். அவரு கூடவே இன்னும் வேல செய்யுது. கரைஞ்சப்பறம் தூக்கிட்டுப் போங்க."

சீதா அவள் கையைப் பற்றி அரிசியை அள்ளிக் கொடுத்தாள். வாயருகே கொண்டுசென்று விரல்களை விரித்தாள் அன்னலட்சுமி. வியர்வையில் நனைந்த அரிசி அவள் உள்ளங்கையோடு ஒட்டிக்கொண்டு விழ மறுத்தது.