நாலு போல்ட்

மிஷின் கார்டைக் கழற்றியது நான்தான். அய்யாசாமி ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தான், அவ்வளவே. என் வாயால் இதை ஒரே ஒருவரிடம்தான் சொல்லியிருக்கிறேன்.

மைசூரிலிருந்து நஞ்சன்கூடு போகிற ரோட்டில், கடகொளா தாண்டி உள்ளே திரும்பினால் சேகரன் ஐயாவின் ஹாலோ பிளாக் கம்பெனி. சிமெண்டையும் மணலையும் கிரஷர் பொடியையும் கலந்து, அச்சில் அடித்துக் கல் எடுக்கும் இடம். ஆட்கள் எட்டுப் பேர். எல்லாரும் கோபிநத்தம், ஹனூர் பக்கத்துக்காரர்கள். ஐயா பாஸ்டர். ஆனால் மேடை போட்டு மைக்கில் பேசுகிற பாஸ்டர் இல்லை. ஒரு தொழிலை நேர்மையாக நடத்திக் காட்டினால் அதைப் பார்த்தே ஜனங்கள் ஏசுவிடம் வருவார்கள் என்று நம்பினவர். கோயம்புத்தூர் சபை ஒன்று அவரை நம்பிப் பணம் போட்டு மிஷின் வாங்கிக் கொடுத்தது.

நேர்மையாகத்தான் நடத்தினார். சனிக்கிழமை சாயந்திரம் கூலி கைக்கு வந்துவிடும். ஒரு மூட்டை சிமெண்டுக்கு இத்தனை கல் என்றால் அத்தனைதான், அதற்கு மேல் ஒன்று எடுக்க விடமாட்டார். அதனால் எங்கள் கல் மற்ற இடத்தைவிட இரண்டு ரூபாய் அதிகம். ஒரு மேஸ்திரி வந்து, "ஏன் பாஸ்டரே, இதுல ஜெபமும் கலந்திருக்கா, ரெண்டு ரூபா ஜாஸ்தி?" என்று கேட்டுவிட்டுப் பக்கத்துக் கம்பெனிக்கு வண்டியைத் திருப்பினான். ஞாயிற்றுக்கிழமை எங்கள் கேட் பூட்டியிருக்கும். லோடு கேட்டு ஆள் வருவதே ஞாயிற்றுக்கிழமைதான்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை சபையிலிருந்து கமிட்டிக்காரர்கள் வருவார்கள். அவர்கள் கல்லைப் பார்க்கமாட்டார்கள். ஏசுவிடம் எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்று கேட்பார்கள். ஐயா எங்களைக் காட்டி, எட்டுக் குடும்பம் சாப்பிடுகிறது என்பார். கேட்டதற்கு அது பதில் இல்லை என்று எனக்கே தெரிந்தது.

காலை எட்டரைக்கு ஆபீஸ் ரூமில் பத்து நிமிஷம் ஜெபம். யாரையும் அவர் கட்டாயப்படுத்தியதில்லை. ஆனால் சம்பளம் கொடுக்கிறவர் கண்ணை மூடி நிற்கும்போது நாம் வெளியே பீடி பிடித்துக்கொண்டிருக்க முடியுமா? நின்றோம். மனசுக்குள் எங்கள் மலைச்சாமி மாதேஸ்வரனைக் கும்பிட்டோம்.

தசரா வந்தால் மைசூரில் ஆட்டோவிலிருந்து அரிவாள்மனை வரைக்கும் பூ வைத்துக்கொண்டு நிற்கும். எங்கள் மிஷின் மட்டும் மொட்டையாக நிற்கும். அதில் மட்டும் ஐயாவுக்குப் பிடிவாதம். போனஸ் தருகிறேன், இரண்டு நாள் லீவு தருகிறேன், வீட்டில் எதை வேண்டுமானாலும் கும்பிடுங்கள், சபைப் பணத்தில் வாங்கின மிஷினுக்குக் குங்குமம் மட்டும் வேண்டாம் என்பார். போன வருஷம் பொறுத்துக்கொண்டோம். அந்த வருஷமே அய்யாசாமிக்கு விரல் நசுங்கி நகம் போனது. பூஜை போடாத இரும்பு தன் ரத்தத்தைத் தானே எடுத்துக்கொள்ளும் என்று எங்கள் எல்லாருக்கும் ஒரு பயம். படித்தவர்கள் சிரிக்கலாம். அதற்குள் கையை விடுகிறவர்கள் நாங்கள்.

இந்த வருஷம் லீவு முடிந்து வந்த அன்று மணல் லாரி டிரைவர் ரவிக்குமார் வந்தான். அவன் லாரி முன்னால் வாழைக்கன்று இன்னும் வாடாமல் இருந்தது. கலவை அடிக்கிற எங்கள் மிக்சரைப் பார்த்துச் சொன்னான்.

"என்னங்கடா, உங்க மிஷினு தாலியறுத்தவ மாதிரி நிக்குது. எவன் கை போகப்போகுதோ."

பாப்பம்மாள் அக்கா திரும்பிப் பார்த்தாள். எங்கள் ஊர்க்காரி, புருஷன் செத்து ஆறு வருஷம். மிக்சரிலிருந்து கீழே சிந்துகிற கலவையை அள்ளித் திரும்பப் போடுவது அவள் வேலை. அந்தக் கூலியில்தான் மகள் தமிழ்ப்ரியாவை நர்சிங் படிக்க வைத்திருந்தாள்.

"தாலியறுத்தவ உன்ற கையப் புடிச்சா இழுத்தா? மணலக் கொட்டீட்டுப் போ சாமி" என்றாள். எல்லாரும் சிரித்தோம். எனக்கு மட்டும் அவன் சொன்னது உள்ளே இறங்கிவிட்டது.

மத்தியானம் அய்யாசாமியிடம் பேசினேன். வெளியே பூசினால் ஐயா பார்த்துவிடுவார். உள்ளே, பெல்ட் ஓடுகிற பெரிய சக்கரத்தில் வைத்துவிட்டால் யாருக்கும் தெரியாது. அந்தச் சக்கரத்தையும் பெல்ட்டையும் மூடி ஒரு தகரக் கூண்டு இருக்கும். அதைத்தான் கார்டு என்போம். நாலு போல்ட் போட்டு இறுக்கியிருக்கும்.

மறுநாள் காலை எல்லாரும் ஜெபத்துக்குப் போனபோது நாங்கள் இரண்டு பேரும் பின்தங்கினோம். பத்து நிமிஷம் இருக்கிறது என்ற நினைப்பு. கார்டை இறக்கி, சக்கரத்தைத் துடைத்து, விபூதி மூன்று கோடு இழுத்து, நடுவில் குங்குமம் வைத்தேன். கற்பூரம் ஏற்றினால் ஆபீஸ் ரூம் வரைக்கும் வாசம் போகும் என்று அதை விட்டுவிட்டோம். எலுமிச்சம்பழத்தை அறுத்து இரண்டு பக்கமும் பிழிந்தேன். மாதேஸ்வரா, யார் கையும் போகக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன்.

அன்றைக்குப் பார்த்து ஐயாவுக்குத் தொண்டை கட்டியிருந்தது. ஜெபம் நாலே நிமிஷத்தில் முடிந்துவிட்டது. செருப்புச் சத்தம் கேட்டதும் கார்டைத் தூக்கி வைத்து இரண்டு போல்ட்டைக் கையாலேயே திருகினேன். மீதி இரண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். சாப்பாட்டு நேரத்தில் ஸ்பேனர் போட்டு எல்லாவற்றையும் இறுக்கிவிடலாம் என்று இருந்தேன்.

மிக்சர் ஓடும்போது தரையே அதிரும். பதினோரு மணிக்குக் கார்டு கழன்று விழுந்தது. அக்கா அப்போது குனிந்து அள்ளிக்கொண்டிருந்தாள். முந்தானை பெல்ட்டில் போனது. முந்தானையைப் பிடிக்கப் போய் வலது கையும் போனது. நான் ஓடி மெயின் சுவிட்சை அணைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

ஐயாதான் அவளைத் தூக்கித் தன் காரில் போட்டுக்கொண்டு போனார். முழங்கைக்கு மேலே எடுக்க வேண்டியதாகிவிட்டது. அக்காவின் மாற்றுச் சேலையை எடுத்துவர நான் சாயந்திரம் கம்பெனிக்குத் திரும்பினேன். ஐயா எனக்கு முன்னால் வந்திருந்தார். சக்கரத்துக்கு முன்னால் மண்டியிட்டு, டீசலில் நனைத்த துணியால் குங்குமத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். சட்டையில் அக்காவின் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது.

"யாரு வெச்சது?" என்றார். நான் சட்டைப் பையிலிருந்த போல்ட்டைக் கையால் மூடிக்கொண்டேன்.

"சரி, சொல்ல வேண்டாம். நாளைக்குப் போலீஸ் வரும். இது இருந்தா உங்களையெல்லாம் கூப்பிட்டு விசாரிப்பாங்க." இன்னும் கொஞ்ச நேரம் துடைத்தார். "கமிட்டியும் வரும்" என்றார்.

எங்களைக் காப்பாற்றத் துடைத்தாரா, சபைக்குத் தெரியக்கூடாது என்று துடைத்தாரா, எனக்கு இன்றைக்கும் தெரியாது. இரண்டும் சேர்ந்துதான் இருந்திருக்கும். மிஷினை விற்றாவது அக்காவுக்குச் செய்கிறேன், நீங்கள் வீட்டுக்குப் போங்கள் என்று என்னை அனுப்பிவிட்டார்.

மறுநாள் போலீஸ் வரவில்லை, கமிட்டிதான் வந்தது. மிஷின் சபை பேரில் இருக்கிறது, அதை விற்க உங்களுக்கு உரிமை இல்லை என்றார்கள். வேலைக்காரப் பெண்ணின் கவனக்குறைவு என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். ஐயா மாட்டேன் என்றார். அதற்குப் பிறகு அவர்களில் யாரும் அந்தப் பக்கம் வரவில்லை.

மூன்றாம் நாள் வேறு ஆட்கள் வந்தார்கள். ஏழெட்டுப் பேர், கழுத்தில் காவித் துண்டு, கூட ஒரு வக்கீல். எங்களை வரிசையாக உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார்கள். அவர்களில் ஒருவன் போனை நீட்டி, இது நீதானே என்று கன்னடத்தில் கேட்டான். சபைப் பத்திரிகையில் வந்த போட்டோ. நாங்கள் எட்டுப் பேரும் ஆபீஸ் ரூமில் கண்ணை மூடி நிற்கிறோம். முன்வரிசையில் நான். இருளிலிருந்து மீட்கப்பட்ட எட்டுக் குடும்பங்கள் என்று கீழே அச்சடித்திருந்தது. அன்றைக்கு எனக்குக் காய்ச்சல், நிற்க முடியாமல் கண்ணை மூடியிருந்தேன்.

ஐயா எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கமிட்டிக்கு ஒரு பதில் வேண்டியிருந்தது, எங்கள் முகத்தை எடுத்துக் கொடுத்துவிட்டார். ஊரில் என் அண்ணன் இதைப் பார்த்தால் வீட்டு வாசலை மிதிக்க விடமாட்டான்.

போலீசில் கொடுக்க எழுதி வைத்திருந்த மனுவைப் படித்துக் காட்டினார்கள். ஜெபத்துக்கு நிற்காவிட்டால் வேலை இல்லை என்று மிரட்டினார், ஆயுத பூஜை போட விடவில்லை, மிஷினுக்குக் கார்டே வைக்கவில்லை. பூஜையைப் பற்றினது ஒன்றுதான் அதில் நிஜம். வக்கீல் எங்களுக்கு விளக்கினார். கார்டு இல்லை என்றால் கோர்ட்டே சபையிடமிருந்து அந்த அம்மாவுக்கு நஷ்ட ஈடு வாங்கிக் கொடுக்கும். கூட வேலை செய்தவன் எவனாவது கழற்றினான் என்று வந்தால் வருஷக்கணக்கில் இழுக்கும், ஒன்றும் வராமலும் போகலாம். அய்யாசாமி முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டான். விழுந்து நெளிந்து கிடந்த கார்டை அவன் அதற்கு முந்தின நாளே பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிட்டிருந்தான். நான் அப்புறம் வருகிறேன் என்று சொல்லி எழுந்துவிட்டேன். அன்று மத்தியானமே ஐயாவை ஸ்டேஷனுக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

நான் நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கட்டுப் போட்ட கை பாதியில் முடிந்திருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"நாலுல ரெண்டுதான் போட்டயா?"

"ஆமாங்க்கா."

"எதுக்குடா கழட்டுன?"

"யாரு கையும் போகக்கூடாதுன்னு சாமி கும்பிடத்தாங்க்கா."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் கேட்காமல் இருந்திருக்கலாம்.

ஸ்டேஷனுக்குப் போய் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், கட்டாய ஜெபம் என்பதும் பொய், ஐயாவை விட்டுவிடுவார்கள் என்றேன்.

"அவரு நல்லவருன்னு எனக்குத் தெரியாதா? என்னத் தூக்கீட்டு ஓடுனது அவருதான். ஆனா நீ போய் உண்மையச் சொன்னீன்னா எனக்கு யாரு குடுப்பா? சபை குடுக்குமா, நீ குடுப்பயா?"

நழுவின போர்வையை இழுத்து அவள் காலை மூடினேன்.

"பிரியாவுக்கு இன்னும் ரெண்டு வருசம் படிப்புக் கெடக்குது. நீ எடுத்த கையிடா இது, முனி. நீதான் அதுக்கு வழி பண்ணோணும். போய் கார்டே இல்லைன்னு சொல்லு."

ஸ்டேஷன் வாசலில் ஐயாவின் மனைவி தாரணி அம்மா நின்றிருந்தார்கள். கையில் ஒரு மாத்திரை டப்பா. என்னைப் பார்த்ததும் கண் கலங்கி, "யாரும் எட்டிக்கூடப் பாக்கல. நீங்க வந்தீங்களே, அது போதுங்கண்ணா" என்றார்கள். நான் நிற்காமல் உள்ளே போனேன்.

ஐயா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சப்-இன்ஸ்பெக்டர் மனுவைத் தள்ளி வைத்து, கார்டு இருந்ததா இல்லையா என்று கேட்டார். இல்லை என்றேன். எப்போதுமே இல்லையா என்றார். எப்போதும் இல்லை என்றேன்.

ஐயா தலையைத் தூக்கினார்.

"முனிராஜ், நாலு போல்ட்டும் நானே வாங்கிட்டு வந்து, நீங்க பிடிச்சுக்க நான் முறுக்கினேன்." குரல் இன்னும் கட்டியே இருந்தது. "அந்தப் போட்டோவுக்கு நீங்க என்னை எவ்வளவு வேணா திட்டுங்க. இதை மட்டும் அப்படிச் சொல்லாதீங்க."

சப்-இன்ஸ்பெக்டர் என் முகத்தைப் பார்த்தார். சுவரில் ஒரு காலண்டர் இருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டே, இல்லைங்க சார், கார்டு கிடையாது என்று மறுபடியும் சொன்னேன். அவர் எழுதினார். காட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டேன். திரும்பிப் போகும்போது தாரணி அம்மாவைப் பார்க்காமல் இருக்க, ஜீப் நிற்கிற பக்கமாகச் சுற்றி வெளியே வந்தேன்.

ஆஸ்பத்திரியில் அக்காவுக்கு ரவைக் கஞ்சி வந்திருந்தது. இடது கையால் கரண்டியைப் பிடித்துப் பார்த்து, பாதியைச் சேலையில் கொட்டியிருந்தாள். நான் கரண்டியை வாங்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"சொல்லீட்டயா?"

"சொல்லீட்டேங்க்கா."

"அவரு அங்கதான் இருந்தாரா?"

"இருந்தாரு."

"என்ன சொன்னாரு?"

கஞ்சியை ஊதினேன்.

"ஒண்ணும் சொல்லலீங்க்கா."

கரண்டியை நீட்டினேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு வாயைத் திறந்தாள்.