மீசைக்காரனும் புகையானும்

வியாசர்பாடி குடியிருப்பின் மொட்டைமாடியில், தண்ணீர் டாங்கிக்கும் துணிக்கொடிகளுக்கும் நடுவே, ரமாபாய் நெல்லைச் சாகடித்துக்கொண்டிருந்தாள். அதுதான் அவளுடைய ஆராய்ச்சி. திருவொற்றியூரில் ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறவள். பழைய நெல் ரகங்களில் புகையானைத் தாங்கி நிற்பவை எவை என்று கண்டுபிடித்து முனைவர் பட்டம் வாங்க வேண்டும். கல்லூரியின் வலைக்கூடம் புயலில் சாய்ந்துவிட்டதால், குடியிருப்புக்காரர்களிடம் கெஞ்சிக் கேட்டு மாடியில் ஒரு மூலையைப் பிடித்திருந்தாள்.

புகையான் எள்ளைவிடக் கொஞ்சம் பெரிய பூச்சி. நெல்லின் தூரில் கூட்டமாக ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சும். நேற்றுவரை தளதளவென்று இருந்த வயல் வட்டம் வட்டமாகத் தீய்ந்து போகும். ரமாபாய் அந்தப் பூச்சியைக் கொசுவலைக் கூண்டில் வளர்த்தாள். தட்டுகளில் வரிசையாக ஒவ்வொரு ரகத்தின் பிஞ்சு நாற்றையும் வளர்த்து, மேலே பூச்சிகளை விட்டு, எது சாகிறது எது நிற்கிறது என்று பார்ப்பாள்.

அவள் மிகவும் நம்பியிருந்தது பெயரில்லாத ஒரு நெல்லை. பழவேற்காட்டுப் பக்கம் ஓர் உவர் நிலத்தில் கிடைத்தது. கதிரில் நீளமான மீசை இருந்ததால் மீசைக்காரன் என்று அவளே பெயர் வைத்திருந்தாள். ஆனால் தட்டில் முதலில் சுருண்டது மீசைக்காரன்தான். ஒரு வாரத்தில் வைக்கோல் நிறத்துக்கு வந்து படுத்துவிட்டது. அவள் அதைத் தள்ளிவிட்டு அடுத்த ரகத்துக்குப் போனாள். அன்று முழுக்க யாரிடமும் சரியாகப் பேசவில்லை.

தட்டுக்குப் போகாமல் மிஞ்சியிருந்த மீசைக்காரன் நாற்றுகளைக் குப்பைக்கு எடுத்தபோது பிலோமி தடுத்தாள். காசிமேட்டில் மீன் விற்றுவிட்டு மத்தியானம் மாடியில் துணி காயப்போட வருகிறவள் அவள்.

"பச்சப்பசேல்னு கீது டீச்சரு. இன்னாத்துக்குத் தூக்கிப் போடுற? எனக்குக் குடு."

"இது ஒண்ணுத்துக்கும் ஆவாதுக்கா."

"பாத்துகினு இருக்க ஆவும்ல?"

பிலோமி அதை ஒரு பழைய பெயிண்ட் டப்பாவில் நட்டு, கைப்பிடிச் சுவரோரம் வைத்துக்கொண்டாள். அரிசி கழுவிய தண்ணீர் அதற்குப் போனது. ரமாபாய் அதை மறந்தே போனாள்.

ஐப்பசியில் ஒரு நாள் அவள் கல்லூரியில் இருந்த நேரம் பேய்க்காற்று அடித்தது. வந்து பார்த்தால் கூண்டின் வலை ஒரு பக்கம் முழுக்கக் கிழிந்து கொடியில் தொங்கிக்கொண்டிருந்தது. பூச்சிகளுக்குத் தீனியாக வளர்த்த நெல்தொட்டிகள் எல்லாம் திறந்து கிடந்தன. இரண்டு வாரத்துக்கு அவள் பிடிக்கப் பிடிக்க, பூச்சி பெருகிக்கொண்டே போனது. பொழுது சாய்ந்தால் தாழ்வாரத்து டியூப்லைட்டைச் சுற்றி மொய்த்தது.

குடியிருப்புச் சங்கத்துக்குச் செயலாளர் ஜெயவேல். துறைமுகத்தில் படகுகளுக்குப் பெயிண்ட் அடிப்பவர்; காலையில் பெண்பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லித் தருபவர். ரமாபாயை அவருக்குப் பிடிக்கும். இருந்தும் அன்று வாசலிலேயே நின்று பேசினார்.

"இன்னா ரமா, லைட்டு போட்டா கொழம்புல வந்து வுழுது. வூட்டுக்கு வூடு பேஜாரா கீது."

"கடிக்காதுண்ணே. நெல்லத் தவிர அது வேற எதுலயும் வாய் வைக்காது."

"கடிக்கலன்னா? கலீஜா கீதுல்ல? மொட்டமாடி எல்லாருக்கும் பொதும்மா. ஞாயித்துக்கெழமைக்குள்ள காலி பண்ணிடு."

அவர் சொன்னதில் தப்பில்லை என்று அவளுக்கே தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு வாளி சோப்புத் தண்ணீரும் கோணிப்பையுமாக மாடிக்குப் போனாள். பூச்சிகளை நனைத்துக் கொன்றுவிட்டுத் தொட்டிகளைக் கவிழ்த்துவிடலாம் என்று எண்ணம். தொட்டிகளில் இருந்த பயிர் எல்லாம் கருகி, தொட்டால் நொறுங்கியது. ஒவ்வொன்றாக வேரோடு பிடுங்கிப் பையில் திணித்துக்கொண்டே சுவரோரம் வந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

பிலோமியின் டப்பாவில் நெல் இடுப்புயரத்துக்குப் பச்சையாக நின்றது. கதிர் தலைகாட்டத் தொடங்கியிருந்தது.

பூச்சி இதுவரைக்கும் வந்து சேரவில்லை போலும் என்றுதான் முதலில் நினைத்தாள். குனிந்து தூரை விரலால் ஒரு தட்டுத் தட்டினாள். பொலபொலவென்று ஒரு கூட்டம் தெறித்து, டப்பாவில் தேங்கியிருந்த தண்ணீரில் விழுந்தது. பூச்சி இருக்கிறது. நிறையவே இருக்கிறது. ஆனால் பயிரில் ஓர் இலைகூட மஞ்சளாகவில்லை.

வாளியைத் தள்ளி வைத்துவிட்டு, கைலென்ஸை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். ஒரு பூச்சி தண்டில் வாயை ஊன்றியது. கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தது. பிறகு வாயை எடுத்துக்கொண்டு இரண்டு விரல் தள்ளிப் போய் மறுபடி ஊன்றியது. அங்கும் நிலைக்கவில்லை. மேலே ஏறியது, பக்கத்துத் தண்டுக்குத் தாவியது, அங்கும் குத்திப் பார்த்தது. குஞ்சுகளின் வயிறு ஒட்டிப் போயிருந்தது. கருகிய தொட்டிகளில் இருந்தவையோ உருண்டு திரண்டு, நகரவும் சோம்பல்பட்டவை.

"இன்னும் காலி பண்ணலியா?" ஜெயவேல் பின்னால் நின்றார்.

"ண்ணா, இங்க கொஞ்சம் குந்து. இதப் பாரு."

அவர் லுங்கியை மடித்துக்கொண்டு உட்கார்ந்து, லென்ஸில் ஒரு கண்ணை வைத்தார். "ஒண்ணும் தெர்லயே... ஆங், ஓடுது. இன்னாத்துக்கு எடம் மாத்திகினே கீது?"

"குடிக்க முடியல. இது அந்த மீசைக்காரன்ண்ணே."

"இந்த நெல்லு செத்துப்போச்சுன்னு மூஞ்சியத் தூக்கி வச்சிகினு இருந்தியே?"

"நாத்தா இருக்கசொல்லோ செத்துச்சுண்ணே. இது வளந்துடுச்சு. வளந்தப்புறம் பூச்சியால ஒண்ணும் பண்ண முடியல. நான்தான் நாத்தப் பாத்துட்டு முடிவு கட்டிட்டேன்."

ஜெயவேல் லென்ஸைத் திருப்பித் தரவில்லை. மறுபடி பார்த்தார். "எங்க டீம்லயும் இப்டி ஒருத்தி கீறா. பன்னெண்டு வயசுல பந்த மிதிச்சு வுழுவா. இப்ப அவளத் தாண்டி ஒருத்தி போவ முடியாது." பிறகு எழுந்து லுங்கியைத் தட்டிவிட்டுக்கொண்டார். "கூண்ட நான் கட்டித் தரேன். ஒரு பூச்சி வெளிய வரக்கூடாது. சரியா?"

அன்று சாயங்காலத்துக்குள் மரச்சட்டம் அடித்து, நெருக்கமான வலை போட்டு, ஆள் நுழையும் உயரத்துக்கு ஒரு கூண்டு எழும்பிவிட்டது.

ரமாபாய் மீசைக்காரனிலும் புதிதாக வளர்த்த வேறு ரகத்திலும் பூச்சிகளை விட்டு, கீழே நிறம் காட்டும் மருந்து தோய்த்த வடிதாளை வைத்தாள். பூச்சி சத்துள்ள சாற்றைக் குடித்திருந்தால் அதன் கழிவு தாளில் நீலப் புள்ளியாக விழும். வெறும் தண்ணீரைக் குடித்திருந்தால் புள்ளி வெளிறியிருக்கும். மற்ற ரகத்துத் தாளில் நீலம் அப்பிக் கிடந்தது. மீசைக்காரனின் தாளில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வெளிறிய புள்ளிகள்.

அந்தத் தாளை வெளிச்சத்தில் பிடித்தபடி வெகுநேரம் நின்றாள். முள் இல்லை, பிசின் இல்லை, நெடி இல்லை. வந்த பூச்சியைப் பயிர் விரட்டவும் இல்லை. உட்காரவிட்டு, சாற்றை மட்டும் கொடுக்காமல் இருந்திருக்கிறது. குத்திய இடத்தில் குழாயை அடைத்துக்கொள்கிறதா, சாற்றின் ருசியையே மாற்றிக்கொள்கிறதா, அவளுக்குத் தெரியாது. எத்தனை காலமாக இந்தப் பூச்சியோடு மல்லுக்கட்டி, எத்தனை முறை பட்டு, இந்த நெல் இதைக் கற்றுக்கொண்டிருக்கும்! அதுவும் உப்பேறிய மண்ணில் நின்றுகொண்டு. அவளுக்குக் கண் நிறைந்தது.

பிலோமியிடம் சொன்னபோது அவள் டப்பாவைத்தான் பார்த்தாள். "நான் தண்ணி ஊத்தினதோட சரி. எல்லாம் இந்த மீசைக்காரரு சமத்து."

பேராசிரியர் போனில் பொறுமையாகக் கேட்டார். "ஒரு டப்பாவ வச்சிகிட்டு ஒண்ணும் சொல்ல முடியாது, ரமாபாய். முதல்லேருந்து பண்ணணும். ஒரு வருஷம் தள்ளிப்போகும், பரவாயில்லையா?"

பட்டத்தை நம்பியிருந்த பதவி உயர்வும் ஒரு வருஷம் தள்ளிப்போகும். "பரவால்ல சார். நாத்துல செத்துப்போச்சுன்னு தள்ளிவிட்ட எல்லா ரகத்தையும் வளத்துப் பாக்கணும் சார்" என்றாள்.

அடுத்த பருவத்தில் அத்தனையையும் கதிர்விடும்வரை வளர்த்தாள். பெரும்பாலானவை வளர்ந்த பிறகும் கருகின. மீசைக்காரன் நின்றது. அதோடு, அவள் கொஞ்சமும் எதிர்பார்க்காத ஒரு சிவப்பு நெல்லும் நின்றது. பேராசிரியர் அத்தனை படியும் ஏறி, மூச்சு வாங்க வந்து, கூண்டுக்குள் நெடுநேரம் குனிந்திருந்தார். வெளியே வந்ததும், "நாத்தோட சோதனைய நிறுத்தினது தப்பாப் போச்சு. இன்னும் எத்தனைய இப்படித் தள்ளிவிட்டோமோ" என்றார்.

மீசைக்காரனைப் பொன்னேரிப் பக்கம் ஒரு வயலில் ஒரு துண்டு நிலத்தில் நட்டார்கள். அந்த வருஷம் புகையான் தானாகவே வந்தது. ரமாபாய் போய்ச் சேர்ந்த காலையில் அக்கம்பக்கத்து வயல்களில் கருகல் வட்டங்கள் விழுந்திருந்தன. நடுவில் அந்தத் துண்டு மட்டும் மீசையைச் சிலுப்பிக்கொண்டு பச்சையாக நின்றது. விளைச்சல் குறைவுதான், தண்டு உயரம் என்பதால் காற்றுக்குச் சாயவும் செய்யும். அதையெல்லாம் அவள் மறைக்காமல் எழுதப்போகிறாள். இப்போதைக்குச் செருப்பைக் கழற்றி வரப்பில் விட்டுவிட்டுச் சேற்றில் இறங்கி, முதல் தூரை விலக்கிக் குனிந்தாள். மீசை முழங்கையில் உராய்ந்து அரித்தது. சொறிந்துகொண்டே அடுத்த தூருக்கு நகர்ந்தாள்.