அசல் மெஷினில் சோதித்தது

பீரோ அளவுள்ள பழைய மினிகம்ப்யூட்டர் ஒன்றுக்கான கம்பைலரை, அதாவது புரோகிராம்களை அதற்குப் புரியும் மொழிக்கு மாற்றும் மென்பொருளை, சம்பளமில்லாமல் புதுப்பித்து வெளியிடுவது நான்தான். ஒவ்வொரு முறையும் 'அசல் மெஷினில் சோதித்தது' என்று எழுதுவேன். சுத்தப் பொய். அந்த மெஷினை நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. லேப்டாப்பில் அதைப்போல நடிக்கும் ஒரு புரோகிராமில் ஓட்டிப் பார்ப்பேன், அவ்வளவுதான்.

எண்ணூர் தொழிற்சாலை ஒன்றில் அதே மாடல் மெஷின் ஒன்று இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொள்ளும் தாமோதரன் நேற்று தண்டையார்பேட்டையில் என் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"உன் கம்பைலர போட்டோம் ஹுமாயூன், மெஷின் நின்னுபோச்சு. உன்னுதுல ஓடுதுன்னு எழுதிக்கீறியே! அப்ப எங்க மெஷின்தான் கெட்டுப்போச்சுன்னு நாலு நாளா மொத்தத்தையும் கயட்டிப் போட்டுட்டோம். உன் மெஷின காமி நைனா, அத பாத்துக்கினு போய் எங்களுத திரும்ப மாட்டணும்."

லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினேன்.

"இதான்ணா."

அவர் குனிந்து, அதற்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.