பின்னால் வந்த வெலாய்

இகெலாப் பாய் விரித்துப் புறப்பட்டபோது அவனுக்குப் பின்னாலேயே வெலாய் தீவும் கிளம்பி வந்தது. தென்னைகள், சேம்புக் குழிகள், படகுக் கொட்டகை, அதன் நிழலில் கள் குடித்துக்கொண்டிருந்த ஆண்கள் எல்லாம் சேர்த்துத்தான். தப்பு அவன் மனைவி நெயாங்கோவுடையது. பாய் ஏறிய பிறகு போகிறவனைக் கரையிலிருந்து யாரும் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. இது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவள் முழங்கால் தண்ணீரில் நின்று தொண்டை கிழியக் கூப்பிட்டுவிட்டாள்.

கூப்பிடாமல் என்ன செய்வாள், பாவம். புகோர் தீவில் புயலடித்துக் கடல் ஏறி, சேம்பெல்லாம் உப்பில் அழுகிப்போயிருந்தது. இகெலாப்பின் தங்கை லெஃபாய், புருஷன் இல்லாதவள், அங்கே பிள்ளைகளோடு பட்டினி கிடந்தாள். குழியில் புளிக்கவைத்த சீமைப்பலா மாவைப் படகு கொள்ளும் மட்டும் ஏற்றிக்கொண்டு அவன் கிளம்பினான். தங்கை வீட்டுக்குப் போன ஆண்பிள்ளை அங்கேயே தங்கிவிட்ட கதை அந்தத் தீவுகளில் வீட்டுக்கு வீடு உண்டு.

சிக்கல் என்னவென்றால், அந்தக் கடலில் படகு நகர்வதில்லை, தீவுகள்தான் நகரும். மாலுமிகள் அப்படித்தான் கணக்கு வைத்து ஓட்டுகிறார்கள். பின்னால் இருக்கிற தீவு முழுகினால்தான் முன்னால் இருக்கிறது எழும். வெலாயோ முழுகுகிற வழியைக் காணோம். காற்று நன்றாக இருந்தது, பாய் புடைத்திருந்தது, நாட்கள் போயின, புகோர் எழவே இல்லை. நெயாங்கோவின் அடுப்புப் புகை அவன் கண்ணைக் கரித்தது. கள் குடிக்கிறவர்கள் தீவின் ஆட்டம் கொஞ்சம் அதிகம் என்று மட்டும் குறைபட்டுக்கொண்டார்கள்.

"விட்டுத் தொலைடி. அங்க பிள்ளைங்க சாவுது," என்றான் இகெலாப் படகிலிருந்து.

"நான் என்ன கயித்தக் கட்டியா பிடிச்சிருக்கேன்? திரும்பி வருவேன்னு சொல்லிட்டுப் போயா."

"வருவேன்."

"வானத்தப் பாத்துச் சொல்லாத. என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

அவனுக்குப் பொய் வரவில்லை. "தெரியலடி. அவளத் தனியா விட்டுட்டு வர மனசு வருமான்னு தெரியல."

நெயாங்கோ அழுதாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மாவு வெயில்ல கெடக்கு பாரு. இலையப் போட்டு மூடு," என்றாள். பிறகு வீட்டுக்குப் போய்க் கடலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்துவிட்டாள். அன்று மத்தியானமே வெலாய் தாழத் தொடங்கியது. மணல் போயிற்று, கூரைகள் போயின, தென்னந்தலைகளும் போயின. முன்னால் புகோர் எழுந்தது.

பிள்ளைகள் பிழைத்தார்கள். இகெலாப் குழிகளைத் தோண்டிப் புதுமண் போட்டுச் சேம்பு நட்டான். சேம்பு விளைந்ததும் வெலாய்க்குப் பாய் விரித்தான். வெலாய் எழவில்லை. அடுத்த காற்றுக்கும் போனான், அதற்கடுத்ததற்கும் போனான், வெறும் தண்ணீரைப் பார்த்துவிட்டுத் திரும்பினான். நெயாங்கோ இன்னும் கடல் பக்கம் முகம் திருப்பவில்லை என்று ஊரில் எல்லோருக்கும் புரிந்தது. அவன் சோறு தண்ணீர் இறங்காமல் இளைத்துப்போனான். நம்மால்தானே என்று லெஃபாய் நொந்துகொண்டாள்.

வருஷங்கள் கழித்து ஒரு காலையில், கரையில் வலை அலசிக்கொண்டிருந்த லெஃபாய் நிமிர்ந்து பார்த்தாள். கிழக்கே வெலாய் வந்துகொண்டிருந்தது, கொஞ்சம் வேகமாகவே. அதன் முனையில் நெயாங்கோ இடுப்பில் கை வைத்து நின்றிருந்தாள்.

"அண்ணா, அண்ணி வருது," என்றாள் லெஃபாய். "படகையெல்லாம் ஓரமா இழுத்துப் போடு."

ஊர் எழுந்து போய்ப் படகுகளை மணலில் ஏற்றி, வெலாய் வந்து நிற்க இடம் விட்டது.