அண்ணன் பாட்டு

காது பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு வேலை. கூடத்தின் மூலையில் கண்ணாடி ஜன்னல் வைத்த சின்ன அறை ஒன்று உண்டு. நாலு சுவரிலும் கூரையிலும் தடித்த பஞ்சுப் பலகை. கதவைச் சாத்தினால் உலகமே வாயைப் பொத்திக்கொண்ட மாதிரி இருக்கும். வருகிறவரை உள்ளே உட்கார வைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்து, "சத்தம் எவ்வளவு சின்னதா கேட்டாலும் அமுக்குங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வருவாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து ஒவ்வொரு ஒலியாக அனுப்புவாள். அவர் அமுக்கினால் தாளில் ஒரு புள்ளி. கேட்காத சத்தத்துக்கும் சிலர் மரியாதைக்காக அமுக்குவார்கள். எட்டு வருஷ அனுபவத்தில் அதை முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள்.

மதியம் ஒன்றிலிருந்து இரண்டு வரை டாக்டர் சாப்பிடப் போய்விடுவார். சாப்பாட்டு டப்பாவைப் பத்து நிமிஷத்தில் காலி செய்துவிட்டு, அலமாரிக்குப் பின்னால் சாத்தி வைத்த கிட்டாரை எடுத்துக்கொண்டு அந்தப் பஞ்சு அறைக்குள் போவாள். போனை எதிர் நாற்காலியில் நிறுத்தி, கதவைச் சாத்திப் பாடுவாள். எழுதுவதும் அவளே, மெட்டுப் போடுவதும் அவளே. கையும் காலும் வேலை செய்யும்போது மூச்சு வாங்குவதற்காக ஜனங்கள் பாடுவார்களே, அந்த மாதிரி எளிய மெட்டு. இப்படியே ஒன்றரை வருஷத்தில் ஆறு பாட்டு சேர்ந்தது. இணையத்தில் போட்டாள். பாடகியின் பெயர் என்று இருந்த இடத்தில் 'முணுமுணு' என்று எழுதினாள். சின்ன வயதில் அண்ணன் வைத்த பட்டப்பெயர் அது.

முதல் மாதம் நாற்பத்தொரு தடவை கேட்கப்பட்டதாகக் காட்டியது. அதில் பாதி அவளே.

பிறகு ஒரு புத்தகக் கடையின் மாடியில் ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் பாட இடம் கிடைத்தது. கடைக்காரர் நல்ல மனுஷர்; நாற்பது நாற்காலி போட்டு வைத்திருந்தார். வந்தது ஏழு பேர். அதில் இரண்டு பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள், ஒருவர் தூங்கிப்போனார். நாக்கு ஒட்டிக்கொள்ள, பாடுவதற்கு முன் ஏதாவது பேசலாமே என்று தான் பாட வந்த கதையைச் சொன்னாள்.

"எனக்கு ஒம்பது வயசுல அப்பா போயிட்டாரு. அண்ணன் எங்கள விட்டுட்டுப் போயிட்டான். வீடே செத்த மாதிரி கெடந்துச்சு. ஒரு நாள் மத்தியானம் அம்மா என்ன நெனச்சாங்களோ, ரேடியோவ பலமா வெச்சு, என் ரெண்டு கையையும் புடிச்சிக்கிட்டு பாட ஆரம்பிச்சாங்க. அதுக்கு முன்னாலயும் பாடினதில்ல, அப்புறமும் பாடினதில்ல. அன்னைக்குத்தான் எனக்குள்ள பாட்டு புகுந்துச்சு."

மழைக்கு ஒதுங்கிய பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதிலிருந்து எங்கே பாடினாலும் இந்தக் கதையைச் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிப்பாள். கதை முடிந்ததும் அண்ணன் பாட்டு.

செருப்பு மாட்டிப் போனான் அண்ணன்
திரும்பிப் பாக்கல
வாசல் தாண்டிப் போன காலு
வழியக் கேக்கல
எடது காது இல்லாப் பூனை
எட்டி எட்டிப் பாக்குது
எங்க போச்சு வளத்த கையின்னு
என்னத் தானே கேக்குது

ஒரு லாரி ஓட்டுநர் தன் வண்டிக்கு முன்னால் ஓடும் சாலையைப் படம்பிடித்து, அதன்மேல் இந்தப் பாட்டைப் போட்டுவிட்டார். அவரிடமிருந்து இன்னொரு ஓட்டுநர், அவரிடமிருந்து இன்னொருவர். வீட்டை விட்டுத் தூரமாகப் போகிறவர்களுக்கெல்லாம் பாட்டு தைத்துவிட்டது போலும். நாற்பத்தொன்று நாலாயிரம் ஆயிற்று, நாலு லட்சம் ஆயிற்று. முகம் தெரியாதவர்கள் 'சகோதரி' என்று கடிதம் எழுதினார்கள். ஐந்நூறு பேர் உட்காரும் அரங்கில் பாட ஒரு விழா அமைப்பாளர் கூப்பிட்டார்.

அவளோ மூன்றாவது மாடியில் ஒற்றை அறையில் இருந்தாள். அம்மா மூன்று மணி நேரப் பஸ் தூரத்தில் சித்தி வீட்டில். அறைக்கு வந்ததும் பூட்டைத் திறந்து, விளக்கைப் போட்டு, அந்தக் கடிதங்களைப் படிப்பாள். நாலு லட்சம் தடவை பாட்டைக் கேட்டார்களே ஒழிய, சாப்பிட்டியா என்று கேட்க ஒரு ஆள் கிடையாது.

விழாவுக்கு ஒரு மாதம் இருக்கும்போது, மதிய இடைவேளையில் போன் வந்தது. பஞ்சு அறைக்குள் இருந்தாள்.

"பாட்டு பாடுறவங்களா?" ஆண் குரல். பின்னால் எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது.

"ஆமாங்க. நிகழ்ச்சிக்கா?"

"நிகழ்ச்சியெல்லாம் இல்ல." கொஞ்ச நேரம் எஞ்சின் மட்டும். "அந்தப் பூனைக்கு எந்தக் காது இல்ல?"

"எடது."

"வலது. நான் தூக்கிட்டு வரும்போதே வலது காது இல்ல. நீ எடதுன்னு பாடியிருக்க."

இருபத்திமூன்று வருஷம். குரல் தடித்துப்போயிருந்தது, ஆனால் தப்பைச் சுட்டிக்காட்டும்போது வரும் அந்தச் சின்ன இழுப்பு அப்படியே இருந்தது.

"அண்ணா?"

"பூனை கெடக்கட்டும், முணு. இன்னொண்ணும் தப்பு."

கிட்டாரைச் சுவரில் சாய்த்து வைத்தாள்.

"அப்பாவ ஆஸ்பத்திரில பாத்துக்கடான்னு சொல்லிட்டு அம்மா வீட்டுக்கு வந்த நேரத்துல, நான் மேட்ச் பாக்கப் போனேன். திரும்பி வர்றதுக்குள்ள அவரு தனியா போயிட்டாரு. அது என் தப்பு. அதப் பத்தி நீ என்ன வேணா பாடு, கேட்டுக்கறேன். அம்மா வெளிய போடான்னாங்க, போனேன். ஆனா திரும்பிப் பாக்காம போகல. அடுத்த வாரமே வந்தேன். மத்தியானம். கதவத் தட்டினேன். உள்ள ரேடியோ பாடிட்டிருந்துச்சு. சத்தத்துல கேக்கலையோன்னு இன்னும் பலமா தட்டினேன். ரேடியோவும் பலமாச்சு. நான் தட்டத் தட்ட அது ஏறுது. அப்புறம் அம்மா பாடுறது கேட்டுச்சு. உன் குரலும் கேட்டுச்சு. சரி, ரெண்டு பேரும் சந்தோஷமா இருக்காங்க, நாம எதுக்குன்னு போயிட்டேன்."

அவள் போனை இன்னும் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"திட்டறதுக்காகச் சொல்லல. எங்க ஆளுங்க எல்லாம் இந்தப் பாட்டப் போட்டுட்டு, இப்படியும் ஒரு பாவி இருப்பானான்னு கேக்குறானுங்க. நானும் ஆமான்னு தலையாட்டிட்டு உக்காந்திருக்கேன். சரி, வண்டி நகருது. வெக்கிறேன்."

இரண்டு மணிக்கு வந்தவர் உள்ளே உட்கார்ந்து பொத்தானை அமுக்கிக்கொண்டே இருந்தார். தாளில் ஒரு புள்ளிகூட விழவில்லை. டாக்டர் எட்டிப் பார்த்து, "என்னம்மா, உனக்குத்தான் டெஸ்ட் எடுக்கணும் போல" என்றார்.

அந்த வாரக் கடைசியில் அம்மாவைப் பார்க்கப் போனாள். சித்தி வெளியே போயிருந்தாள். அம்மா கட்டிலில் உட்கார்ந்து துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, ஒரு நாள் ரேடியோவ பலமா வெச்சு என்கூடப் பாடினியே, ஞாபகம் இருக்கா?"

அம்மா ஒரு தலையணை உறையை நாலாக மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள்.

"அவன் பேசினானா?"

பதில் அதிலேயே இருந்தது.

"பேசினான்."

"நல்லா இருக்கானா?"

"லாரி ஓட்டுறான். அவன் வந்தது தெரிஞ்சும் ஏம்மா கதவத் தொறக்கல?"

"உங்கப்பா கடைசில யாரத் தேடினாரோ, எந்தப் பக்கம் பாத்தாரோன்னு வயிறு எரிஞ்சிட்டிருந்தேன்டி. அவன் மூஞ்சியப் பாத்தா என்ன சொல்லிடுவேனோன்னு பயம். நீ வேற அண்ணா அண்ணான்னு அழுதுட்டே இருப்ப. தட்டுறது உன் காதுல விழக் கூடாதுன்னுதான் பாட்டு."

"எங்கிட்ட அவன் திரும்பியே பாக்கலன்னு சொன்னியே."

அம்மா மடித்த துணியை மடியிலேயே வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள். "தொறந்திருப்பேன். இன்னும் ரெண்டு தட்டு தட்டியிருந்தா தொறந்திருப்பேன். அவனுக்கு எப்பவுமே பொறுமை கெடையாது."

சாப்பிட்டுவிட்டுப் போ என்றாள். அவளும் சாப்பிட்டாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் நெற்றியை ஜன்னல் கம்பியில் வைத்துக்கொண்டு அந்த மதியத்தை நினைத்துப் பார்த்தாள். அம்மாவின் ஈரக் கை ஞாபகம் வந்தது. ரேடியோவின் மேலே கிடந்த துணி ஞாபகம் வந்தது. தட்டும் சத்தம் கேட்டதா? கேட்கவில்லை என்று சத்தியம் செய்ய அவளால் முடியவில்லை. ஒன்பது வயதுப் பிள்ளைக்குக் காது நன்றாகவே கேட்கும். அம்மா பாடுகிறாள் என்ற அதிசயத்தில், வேறு சத்தம் வேண்டாம் என்று தானும் உரக்கப் பாடியிருக்கலாம். மேடைதோறும் சொல்லிக் கைத்தட்டு வாங்கிய கதை அது. நினைக்க நினைக்கக் கூசியது.

இருபது நாள் மதியங்களில் பாட்டைப் பிரித்து மறுபடி எழுதினாள். மெட்டு பழசுதான். ஆனால் பழைய சொற்கள் அதில் ஊறிப்போயிருந்தன. வாய் தானாக 'செருப்பு மாட்டி' என்று ஓடும், இழுத்துப் பிடிக்க வேண்டியிருந்தது.

விழாவன்று அமைப்பாளர் மேடையோரத்தில் கையைப் பிசைந்தார். "புதுசு எல்லாம் அடுத்த வருஷம் பாத்துக்கலாமே. ஜனங்க அதுக்காகத்தான் வந்திருக்காங்க."

"பாட்டு அதேதான் சார். வார்த்தைதான் கொஞ்சம் வேற."

ரேடியோக் கதையைச் சொல்லவில்லை. நேரே பாடினாள்.

கதவத் தட்டி நின்னான் அண்ணன்
காதில் விழல
காது கேட்ட பேருக்கெல்லாம்
கையி எழல

முதல் வரிக்கே கூடப் பாட ஆயத்தமாக இருந்தவர்களின் வாய் பாதியில் நின்றது. பாட்டு முடிந்ததும் கைத்தட்டல் அங்கொன்றும் இங்கொன்றுமாக வந்தது. பின்வரிசையிலிருந்து ஒருவர், "பழசப் பாடுங்க!" என்று கத்தினார்.

"அது தப்புங்க," என்றாள் மைக்கில். "நடந்தது இதுதான்."

அரங்கம் புரியாமல் பார்த்தது. அடுத்து ஒரு வேடிக்கைப் பாட்டைப் பாடிவிட்டு இறங்கினாள். அமைப்பாளர் சால்வையைக் கையில் கொடுத்தார், போர்த்தவில்லை.

பழைய பாட்டை இணையத்திலிருந்து எடுத்துவிட்டு, பஞ்சு அறையில் பதிவு செய்த புதியதைப் போட்டாள். நல்ல பாட்டைக் கெடுத்துவிட்டாள் என்று எழுதினார்கள். தலைக்கனம் ஏறிவிட்டது என்றார்கள். கடிதங்கள் குறைந்தன, பிறகு நின்றன. அவள் எடுத்துவிட்டால் ஆயிற்றா? ஒரு நாள் வேலை முடிந்து நடந்து வரும்போது சிக்னலில் நின்ற லாரியில் அவளுடைய குரலே 'திரும்பிப் பாக்கல' என்று பாடிக்கொண்டிருந்தது. ஓட்டுநர் ஸ்டியரிங்கில் தாளம் போட்டபடி கூடப் பாடினார். பக்கத்தில் நின்றவளை அவர் கவனிக்கவில்லை. பச்சை விழுந்ததும் போய்விட்டார்.

அண்ணனுக்குப் புதுப் பாட்டை அனுப்பி ஆறு நாள் பதில் இல்லை. ஏழாம் நாள் கூப்பிட்டான்.

"கேட்டேன். வண்டியில போடல. ஓரமா நிறுத்திட்டு, எறங்கி நின்னு கேட்டேன்."

"எப்படி இருந்துச்சு?"

"கொஞ்சம் நீளம்."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "வீட்டுக்கு ஒரு தடவ வாயேன்."

"பாக்கலாம். உனக்கு ஒரு மருமக இருக்கா, தெரியுமா? அஞ்சாவது படிக்கிறா. பாட்டுன்னாலே ஆகாது. பந்து ஒண்ணு கெடச்சா போதும் அவளுக்கு."

"பேசச் சொல்லேன்."

"நான் வீட்ல இல்லையே. அடுத்த தடவ."

அம்மா அண்ணனின் போன் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். காலண்டரின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருப்பதாகச் சித்தி சொன்னாள். இன்னும் கூப்பிடவில்லை.

புத்தகக் கடை மாடியில் இப்போதும் மாதம் ஒரு ஞாயிறு பாடுகிறாள். போன முறை பதினொரு பேர். யாரும் தூங்கவில்லை. எல்லோரும் இறங்கிப் போனதும் கடைக்காரரோடு சேர்ந்து நாற்காலிகளை அடுக்குவாள். அறைக்கு வந்து தனியாகச் சமைத்துச் சாப்பிடுவாள்.

சில சாயங்காலங்களில் அண்ணன் கூப்பிடுகிறான். சரக்கு ஏற்றும் வரிசையில் நிற்பதாகச் சொல்வான். முன்னால் எத்தனை வண்டி என்று சொல்வான். அங்கே மழையா என்று அவள் கேட்பாள். இல்லை என்பான். இருபத்திமூன்று வருஷத்தை எந்த முனையிலிருந்து பிரிப்பது என்று இருவருக்கும் தெரியாது. "சரி, வெக்கிறேன்" என்பான். ஆனால் உடனே வைக்க மாட்டான். அவளும் வைக்க மாட்டாள். வரிசை நகரும்வரை இருவரும் போனைக் காதில் வைத்துக்கொண்டு அப்படியே இருப்பார்கள்.