இருபது மீட்டர், நாற்பது நொடி

“வேகம் மட்டும் எழுதினா பாதி மார்க்குதான். எந்தப் பக்கம் போனீங்கன்னும் எழுதணும். அப்பதான் அது திசைவேகம்,” என்றாள் அறிவியல் மிஸ்.

ஏழாம் வகுப்பு மைதானத்தில் நின்றது. நடுவில் ஒரு சுண்ணாம்புக் கோடு. அங்கிருந்து இருபது மீட்டரில் ஒரு பக்கம் ஆய்வகப் படிக்கட்டு, மறுபக்கம் கேட். பிடித்த பக்கம் போகலாம். ஓடலாம், நடக்கலாம், நொண்டியும் அடிக்கலாம். மிஸ் நேரம் பார்ப்பாள்.

குண்டு என்று பட்டப்பெயர் வாங்கிய ஒல்லிப் பையன் ஐந்தே நொடியில் ஓடிவிட்டுத் திசை என்ற இடத்தில் ‘நேராக’ என்று எழுதினான்.

“நேரான்னா எங்கடா, சொர்க்கத்துக்கா?” என்று கேட்டாள் மிஸ்.

எல்லாரும் சிரித்தார்கள். மிஸ்ஸும் சிரித்தாள், ஆனால் மனம் அங்கே இல்லை. வரிசையில் கடைசியாக நின்றவள் அவளுடைய மகள். பள்ளிக்கூடத்தில் அம்மாவாவது ஆட்டுக்குட்டியாவது, அங்கே அவள் மிஸ்தான். மகள் ஒருநாளும் வாய் தவறி ‘அம்மா’ என்றதில்லை.

அம்மாவும் அப்பாவும் பிரிந்தாயிற்று. அப்பா இன்று வேறு ஊருக்குப் போகிறார். பள்ளி விட்டதும் கேட்டுக்கு வருவார். யாரோடு இருப்பது என்று மகளே சொல்லட்டும், நாம் வற்புறுத்தக் கூடாது என்று இருவருக்குள்ளும் பேச்சு. ஒரு வாரமாக மிஸ் பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தாள். மகளும் மூச்சு விடவில்லை.

“போகட்டுமா மிஸ்?”

“போ.” மிஸ் கடிகாரத்தை அழுத்தினாள்.

மகள் ஆய்வகத்தை ஒருமுறை பார்த்தாள். பிறகு கேட்டை நோக்கி நடந்தாள். “நத்தை, நத்தை” என்று பிள்ளைகள் கத்தினார்கள். பாதிப் பேர் கேட் பக்கம்தானே போனார்கள், இது வெறும் பாடம்தானே என்று மிஸ் தன்னையே ஏமாற்றிக்கொண்டாள். மகள் கம்பியைத் தொட்டபோது நாற்பது நொடி ஆகியிருந்தது.

நோட்டு வந்தது. தொலைவு, இருபது மீட்டர். நேரம், நாற்பது நொடி. வேகம், நொடிக்கு அரை மீட்டர். மற்றவர்கள் ‘கேட் பக்கம்’ என்று எழுதிய இடத்தில் இவள் ‘அப்பா பக்கம்’ என்று எழுதியிருந்தாள்.

மிஸ் அந்த இரண்டு வார்த்தையையும் திரும்பப் படித்தாள். சிவப்புப் பேனாவை எடுத்தவள் எழுதாமல் நின்றாள்.

“ரொம்ப மெதுவாத்தான் போனேன்,” என்றாள் மகள், தலையைக் குனிந்தபடி. “அதுக்கு மார்க்கைக் குறைச்சிடுவியாம்மா?”

“இல்ல. அதான் திசை எழுதியிருக்கியே.”

பத்துக்குப் பத்து போட்டாள். பிள்ளைகள் முன்னால் அழக் கூடாது என்றுதான் பார்த்தாள். முடியவில்லை.