சிவப்பு ரிப்பன் கட்டிய குச்சிகள்

செங்கழனிக் கண்மாய்க் கரையில் ஏறியதுமே மோகனப்ரியாவுக்குப் பகீரென்றது. நேற்று வரை தண்ணீரோரம் பச்சைப்பசேலென்று நின்ற கோரையைக் காணோம். நின்ற இடம் கொத்திப் புரட்டிய சேறாகக் கிடந்தது. பிடுங்கியதையெல்லாம் கரைமேல் குவித்துத் தீ வைத்திருந்தார்கள். எரிய மாட்டாமல் புகைந்துகொண்டிருந்தது. எல்லை காட்ட அவள் ஊன்றியிருந்த குச்சிகள், கட்டிய சிவப்பு ரிப்பனோடு, அந்தக் குவியலில் செருகப்பட்டிருந்தன.

அரிமளம் பக்கத்துக் கண்மாய்களில் கோரைக்கு என்றைக்கும் பஞ்சமில்லை. இது வேறு. பார்வைக்கு மற்றதைப் போல மூன்று பட்டைத் தண்டுதான். விதையை மைக்ராஸ்கோப்பில் வைத்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. மேல்தோலெல்லாம் தேன்கூடு போலக் குழிகுழியாக இருந்தது. எந்தப் புத்தகத்திலும் அப்படி ஒரு விதை இல்லை. இரண்டு வருடமாக ஊர் ஊராகப் போய், தாளில் ஒட்டிவைத்த பழைய கோரைகளையெல்லாம் ஒப்பிட்டுக் கண் பூத்துப்போன பிறகுதான், இது புது இனம் என்று அவளால் அடித்துச் சொல்ல முடிந்தது. அது முளைத்திருந்ததும் இந்த ஒரு மூலையில்தான். அதைத்தான் கொளுத்தியிருக்கிறார்கள்.

"யாரு பண்ணுன வேலை இது?" தொண்டை கிழியக் கத்தினாள்.

வார்டு மெம்பர் அழகம்மாள் முழங்கால் சேற்றோடு மேலே ஏறி வந்தாள். பின்னால் மண்வெட்டியோடு பத்துப் பேர்.

"நாங்கதான். என்ன செய்யப்போற? குச்சி ஊண்டுறதும் மண்ணை டப்பாவுல அள்ளுறதும் எதுக்குன்னு தெரியாத ஊரா இது? வயக்காட்டுல எரிவாயுக் குழாய் எறக்குனவனும் இப்படித்தான் வந்தான்."

"நான் கம்பெனி ஆளு இல்லக்கா!"

"பெறகு யாரு? எத்தனை வாட்டி கேட்டேன்? காலேஜ் வேலை, காலேஜ் வேலைன்னு மழுப்புனியே. என் வீட்டு மோரை வாங்கிக் குடிச்சிக்கிட்டே மழுப்புனியேடி!"

மோகனப்ரியாவுக்குச் சுருக்கென்றது. அத்தனையும் நிஜம். ஆராய்ச்சிப் பேப்பர் அச்சாகும் வரை மூச்சு விடக் கூடாது, வேறு யுனிவர்சிட்டிக்காரன் மோப்பம் பிடித்துவிடுவான் என்பது அவளுடைய கைடு பேராசிரியர் சரவணக்குமாரின் உத்தரவு. குச்சி ஊன்றினால் இந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள் என்ன நினைப்பார்கள் என்று அவருக்குத்தான் தெரியாது. கந்தர்வக்கோட்டையில் பிறந்த இவளுக்குமா தெரியாது? பிளஸ் டூ படிக்கையில் எரிவாயுக் கிணறு வேண்டாமென்று போராட்டப் பந்தலில் உட்கார்ந்து கோஷம் போட்டவள், அதே மாதிரிக் குச்சிகளைக் கொண்டுவந்து இங்கே ஊன்றியிருக்கிறாள். தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

போனில் கைடை அழைத்து நடந்ததைச் சொன்னாள்.

"நம்மகிட்டதான் ஒட்டிவெச்ச சாம்பிள் பத்திரமா இருக்கேம்மா. இருந்த ஒரே இடமும் போச்சுன்னா, அழிஞ்சுபோன இனம்னே எழுதிடலாம். பேப்பருக்கு வெயிட்டு கூடும்."

"செடி செத்துப்போச்சுங்கிறேன், வெயிட்டு கூடும்கிறீங்க! நீங்கள்லாம் மனுசந்தானா சார்? வைங்க போனை!"

திரும்பி நின்று ஊராரிடம் கொட்டித் தீர்த்தாள். "எங்கெங்கயோ தேடிட்டேன், ஒங்க கண்மாயில மட்டுந்தான் இருந்துச்சு இந்தக் கோரை. இதுக்கு இன்னும் பேரு கூட வைக்கல. அதை ஒங்ககிட்டச் சொல்ல எனக்கு வாயில்லாமப் போச்சு!"

அவள் குவியலை எட்டி உதைத்தாள். மேலே கருகியிருந்ததே தவிர, அடியில் வேர்கள் சேறும் ஈரமுமாக அப்படியே இருந்தன.

"அடிப் பாவி மகளே!" அழகம்மாள் அலறினாள். "இதைச் சொல்றதுக்கு ஒனக்கு என்னடி கேடு? எங்க கையாலயே எங்க பொருளைக் கொளுத்த வச்சிட்டியே!"

ஏசிக்கொண்டே புகைக்குள் வெறுங்கையை விட்டு, கைக்கு அகப்பட்ட தூரை வேரோடு உருவினாள். சூடு தாங்காமல் கையை உதறினாள், மறுபடியும் பிடித்தாள். மற்றவர்களும் குவியலைக் கலைக்க ஓடிவந்தார்கள். தூரோடு சேற்றில் இறங்கிய அழகம்மாள் நின்று திரும்பி, மோகனப்ரியாவை எரித்துவிடுவது போலப் பார்த்தாள்.

"எம்புட்டு ஆழத்துல நடணும்? இப்பவாச்சும் வாயத் தொறந்து சொல்லு."